வயது: பூஜ்யம்

போன கல்லறைத் திருநாளில் நடந்தது இன்னும் மனதை அறுக்கிறது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

ஆம்பூரில் இந்த வயதில் வெப் புரோகிராமிங் வகுப்புக்குப் போகிறேன். (சிரிக்க வேண்டாம்.) பக்கத்து சீட் ஸ்டெல்லா, ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். வாத்தியார் ‘வேரியபிள்’ என்றதும் அவள் அதை லைனில் போகும் ட்ரேயாகப் பிடித்துக்கொண்டாள். மேலே ஒட்டிய பெயர் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் சரக்கு மாறும். சரக்கு எழுத்தா, எண்ணா? அதுதான் டேட்டா டைப்.

அந்தத் தெம்பில் எங்கள் கோயிலுக்கு ஒரு வெப் பேஜ் செய்தாள். அந்த வருஷம் இறந்தவர்களின் பெயரும் வயதும் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். பெயர் வந்ததும் வீட்டார் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

அன்று பூசையில் எல்லாப் பெயரும் வந்து முடிந்தது. ஸ்டெல்லாவின் லைனில் வேலை செய்யும் மேரி மட்டும் ஏற்றாத மெழுகுவர்த்தியோடு நின்றாள். பிறந்த சில நாளிலேயே போய்விட்ட அவள் மகன் ஆரோனின் பெயர் வரவே இல்லை.

“இன்னாக்கா... எம்புள்ள கணக்குல வரலியா?”

ஸ்டெல்லா அங்கேயே லேப்டாப்பைத் திறந்தாள். லைனில் காலி ட்ரே வந்தால் தள்ளிவிடுவார்கள். அதே பழக்கத்தில், வயது காலியாக இருந்தால் அந்தப் பெயரைத் தாண்டிப் போ என்று எழுதியிருக்கிறாள். ஆரோனின் வயது 0. எழுத்தாக வைத்திருந்தால் தப்பியிருக்கும்... எண்ணாக வைத்தாள். அவள் எழுதிய விதத்தில் கம்ப்யூட்டருக்குப் பூஜ்யமும் காலியும் ஒன்று. பிள்ளையைத் தள்ளிவிட்டது.

கம்ப்யூட்டரைத் திட்டி என்ன பயன்? துக்கம் கேட்கப் போன வீட்டில், ‘சின்னக் குழந்தைதானே, அடுத்தது பிறக்கும்’ என்று எத்தனை பேர் சொல்லிவிட்டு வந்தார்கள்! அவர்களும் தள்ளிவிட்டவர்கள்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஸ்டெல்லா ஒரு வரியை மாற்றினாள். பூஜ்யத்தைப் பார்த்தால் மேரிக்கு வலிக்குமே என்று, வயதை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் போடட்டுமா என மெல்லக் கேட்டாள்.

“வயசும் போடுக்கா. பூஜ்யமா இருந்தாலும் அது அவன் வயசு.”

‘ஆரோன், வயது 0’ என்று திரையில் வந்தது. மேரி வாய்விட்டு அழுதாள். பிள்ளை போன அன்றுகூட இவள் இப்படி அழவில்லை என்றார் அவள் புருஷன்.

ஒன்றுமில்லாததற்கு யாரும் இப்படி அழுவதில்லை.