முன்னால் புது டயர், பின்னால் ரீட்ரெட்

நடந்தவை, வரிசையாக:

1. மில் முதலாளி ஒருவரின் வெளிநாட்டு ஜீப்பை அவருடைய டிரைவர் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். வளைவுகளில் வண்டி இழுத்துப் பிடிப்பதாகச் சொன்னார்.
2. கழற்றினோம். முன் சக்கரங்களுக்கு இழுவை அனுப்பும் கிளட்ச் தட்டுகள் கருகியிருந்தன.
3. டிரைவர் ஓட்டிய விதம்தான் காரணம் என்று நான் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
4. முதலாளி அவரை வண்டியிலிருந்து இறக்கி மில் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்.
5. புதுத் தட்டுகள் போட்டோம். இரண்டு மாதத்தில் அவையும் கருகின. இந்த முறை வண்டியை ஓட்டியவர் முதலாளியின் மகன்.

ஐந்தாவது நடக்காமல் இருந்திருந்தால் மூன்றாவதை நான் மறந்தே போயிருப்பேன். அதை நினைத்தால்தான் சோர்வாக இருக்கிறது.

நான் மெக்கானிக்கல் படித்தவள். ஒர்க்‌ஷாப்பில் ஒரே பெண் என்பதால் அறிக்கை எழுதும் வேலை தானாக என்னிடம் வந்து சேர்ந்தது. காந்திபுரத்தில் டவுன் பஸ் பிடித்து, நின்றபடியே வந்து இறங்குவதற்குள் பாதி நாள் முடிந்ததுபோல இருக்கும். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது அறிக்கைகள்.

அந்த ஜீப்பின் டாஷ்போர்டில் ஒரு திருகு உண்டு. இரண்டு சக்கரம், ஆட்டோ, நான்கு சக்கரம் என்று மூன்று நிலைகள். எதில் வைத்து ஓட்டுகிறீர்கள் என்று டிரைவரைக் கேட்டேன். நாற்பத்தைந்து வயது இருக்கும், கொடுமுடிப் பக்கத்துக்காரர். எப்போதும் ஆட்டோதான் என்றார். எல்லா ரோட்டிலும் அப்படி ஓட்டலாம் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருப்பதாகச் சின்ன முதலாளி படித்துச் சொன்னாராம். காரியம் கெட்டபின் எல்லா டிரைவர்களும் இப்படி ஒன்று சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

காரணம், எனக்குப் பதில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. எஸ்டேட்களில் ஓடும் பழைய ஜீப்பில் லீவரைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் போக வேண்டும். சேறாக இருந்தால் சக்கரம் வழுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த தார் ரோடு வழுக்க விடாது, உள்ளே இருப்பதுதான் தேயும். கல்லூரியில் படித்தது அது. அதையே எழுதினேன்: ‘தேவையில்லாமல் தார்ச்சாலையில் தொடர்ந்து நான்கு சக்கர இழுவையைப் பயன்படுத்தியுள்ளார்.’ ஆட்டோ அப்படிப் பூட்டாது, பின் சக்கரம் வழுக்கினால் மட்டுமே முன் சக்கரத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் முறை மகனே வண்டியோடு வந்தார். என் மேஜை மேல் புத்தகத்தை வைத்தார்.

“நானும் ஆட்டோவுலதானுங்க ஓட்டுனேன். என்னைய எந்த கேட்டுல உக்கார வைப்பீங்க?”

படித்தேன். காய்ந்த ரோட்டில் ஆட்டோவில் ஓட்டத் தடை இல்லை. அதே பக்கத்தில், கட்டம் கட்டி, நான்கு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

முன் டயர் ஒன்றிலும் பின் டயர் ஒன்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி அளந்தேன். பின் டயர் நாலு விரல் குறைவாக ஓடியது. முன்னால் இரண்டும் புதிது. பின்னால் இரண்டும் ரீட்ரெட், தேய்ந்த டயர் மேல் மறுபடி ரப்பர் ஒட்டி வாங்கியவை. மில் ஸ்டோரில் லாரி, வேன், கார் எல்லாவற்றுக்கும் ஒரே வழக்கம்: புதுசு முன்னால், ரீட்ரெட் பின்னால். லாரிக்கு அது நல்ல வழக்கம்தான். முன் டயர் வெடித்தால் ஆபத்து அதிகம். எங்கள் வீட்டு வேனும் அப்படித்தான் ஓடுகிறது. உடம்பு நன்றாக இருக்கும் டயரைத் தூக்கிப் போட இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது.

ஆனால் பின் சக்கரம் சிறிதானால் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். வேகமாகச் சுற்றினால் வழுக்குகிறது என்று இந்த ஜீப் எடுத்துக்கொள்ளும். பொள்ளாச்சி ரோட்டில் நேராகப் போகும்போதும் அது சேற்றில் போவதாகவே நினைத்துக்கொண்டு முன் சக்கரங்களைச் சேர்த்தபடியே இருந்திருக்கிறது; தட்டுகள் அதில்தான் கருகின. வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சனிக்கிழமை மத்தியானம் மில்லுக்குப் போனேன். டிரைவர் கேட்டில் லாரி நம்பர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டயர்தான் காரணம், நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். நோட்டை மூடிவைத்தார்.

“டயர் மாத்துன பொறவுதான் வண்டி இழுக்குதுன்னு அன்னைக்கே சொன்னனுங்களே அம்மணி.”

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன்.

“நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டே இருந்தீங்க. எழுதறவங்களுக்குக் காதும் கேக்கும்னு நெனச்சுப்போட்டனுங்க.”

திங்கட்கிழமை, வண்டி வரும்போது புகாரைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் பழையதைத் தேடி எடுத்தேன். ‘டயர் மாற்றியபின் இழுப்பு’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அதற்குக் கீழேதான் என் முடிவையும் எழுதியிருந்தேன்.

இரண்டாவது அறிக்கை வேண்டாம் என்றார் எங்கள் மேனேஜர். பேசாமல் டயரை மாற்றச் சொல்லிவிடலாம், ஒர்க்‌ஷாப்பின் பெயர் கெடாமல் இருக்கும் என்றார். நான் ஒரு பக்கம் எழுதி, முதல் அறிக்கை தவறு என்பதை முதல் வரியிலேயே போட்டு, முதலாளியிடம் நேரில் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். ஸ்டோருக்குப் போன் செய்து நான்கு டயரையும் மாற்றச் சொன்னார். டிரைவரைப் பற்றி நானேதான் கேட்க வேண்டியிருந்தது.

“தப்பு அவன் மேல இல்லீங்க, ஒத்துக்கறேன். ஆனா அந்த எடத்துக்கு வேற ஆளு வந்துட்டான். அவனை எறக்க அவன் என்ன தப்புப் பண்ணான், சொல்லுங்க அம்மணி.”



இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. ஜீப்பில் நான்கும் ஒரே அளவு டயர்கள். ஆட்டோவில்தான் ஓடுகிறது, புகார் இல்லை. புது டிரைவர் ஓட்டுகிறார். பழையவர் கேட்டிலேயே இருக்கிறார். இடம் காலியானால் கூப்பிடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். இதுவரை காலியாகவில்லை.