அம்சாவின் குளியல் படுதா

சொம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் அம்சா கடைப்படி ஏறுகிறாள். திண்டிவனம் கடைத்தெருவில் தார்ப்பாயும் கித்தானும் விற்கிற கோதண்டபாணி, அந்தச் சொம்பைக் கண்டதுமே கல்லாவை விட்டு எழுந்துவிடுகிறார். "தாயே, நனைக்காம பாரும்மா. நீ நனைச்சத நான் எவன் தலையில கட்டறது?" என்று கும்பிடுகிறார். அம்சா அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அடுக்கிலிருந்து ஒரு நீலத் துணியை உருவி, வாசலில் வெயில் விழுகிற இடத்தில் தூக்கிப் பிடித்து, ஓரத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்து, நனைந்த இடத்துக்குப் பின்னால் விரலை நீட்டுகிறாள்.

"அண்ணே, எத்தினி வெரலு?"

"மூணு" என்று உண்மையைச் சொல்லிவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

"மூணு வெரலு தெரிஞ்சா முழு ஆளும் தெரியும். நீயே வச்சிக்க."

இந்த மார்கழி முழுக்க இதுதான் அவளுடைய வேலை. திண்டிவனத்தில் நாலு கடை, விழுப்புரத்தில் ஆறு கடை, எல்லாக் கடையிலும் அவளுக்குப் பேர் 'சொம்புக்காரி'.

அம்சாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊர் பெருமுக்கல் பக்கம். கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிற மேஸ்திரி. ஒன்பது ஜோடி, புருஷனும் பெண்டாட்டியுமாக, தை பிறந்ததும் கிளம்பி விழுப்புரத்தைச் சுற்றி வயல் வயலாக மாறி, காய்ந்த கரும்பு இலையான சோகையில் குடிசை போட்டுத் தங்கி வெட்டுவார்கள். ஊர் திரும்பச் சித்திரை ஆகிவிடும். அவள் புருஷன் சின்னதுரையும் அவள் கையின் கீழ்தான் வெட்டுகிறார். "ஊட்ல நான் எசமான். வயல்ல அது எசமான்" என்று சொல்லிச் சிரிப்பார். வீட்டிலும் அப்படி இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

நான் வட்டார அலுவலகத்துக் கிராம சேவிகா. புகையில்லா அடுப்பைப் பற்றி எடுத்துச் சொல்லத்தான் முதன்முதலில் அவளிடம் போனேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "பொகைய நாங்க பாத்துக்கறோம் சேவிகாம்மா. பொம்பளைங்க மறைவா குளிக்கறதுக்கு கவர்மெண்டுல எதுனா திட்டம் கீதா?" என்றாள். என் பையில் பதினெட்டுத் திட்டங்களுக்குத் துண்டுப் பிரசுரம் இருந்தது. அந்தத் திட்டம் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கரும்பு வெட்டியவர்களுக்குத்தான் அந்தக் குளியலின் அருமை தெரியும். சோகையின் சுணை, கண்ணுக்குத் தெரியாத அந்த மயிர்முள், கழுத்தில், இடுப்பு மடிப்பில், தலைமயிருக்குள் எல்லாம் ஏறிவிடும். அரிப்பு ஆளைத் தின்றுவிடும். ஆண்களுக்குக் கவலை இல்லை. பம்புசெட் தொட்டியில் கோவணத்தோடு குதித்துவிடுவார்கள். ஆனால் பம்புசெட் பெரும்பாலும் ரோட்டோரம் இருக்கும். ரோட்டில் பஸ் போகும். பஸ்ஸில் இருப்பவர்களுக்கு அதுவரை இல்லாத கழுத்துவலி, தொட்டி வரும்போது மட்டும் வந்து தலை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். பெண்கள் பாவாடையை மாரில் கட்டிக்கொண்டு, நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு, பாதிச் சுணையோடு கரையேறுவார்கள்.

"வயசுக்கு வந்த நாள்லேந்து பாவாடைய மாருல கட்டிக்கினேதான் குளிக்கறேன். ஒடம்புக்கு முழுசா ஒரு நாளு சோப்பு போட்டதில்ல. எங்கம்மாவும் போட்டதில்ல" என்று அம்சா ஒருமுறை சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, கணக்கெடுப்புக்கு வந்தவளிடம் விவரம் சொல்வது போலச் சொன்னாள்.

வயலுக்கு வயல் தூக்கிப் போகிற மாதிரி ஒரு மறைப்பு வேண்டும். அவள் பார்க்காத வழி இல்லை. முதலில் தென்னங்கீற்றுத் தட்டி. மறைப்பில் குறையில்லை, ஆனால் நாலாவது வயலுக்குப் போய்ச் சேரும்போது கையில் மிஞ்சியது ஈர்க்கு மட்டும்தான். அடுத்து நாலு கழியில் பழைய புடவை. தை மாதக் காற்று அதைத் தலைக்குமேல் தூக்கியது. யூரியா சாக்கைப் பிரித்துத் தைத்தாள். தையல் கண்ணெல்லாம் வெளிச்சம்.

நடுவில் சின்னதுரை தன் மூளையைக் காட்டினார். பெரிய குடை ஒன்றை வேப்பங்கிளையில் கட்டித் தொங்கவிட்டு, கம்பிகளைச் சுற்றிப் புடவையைத் தைத்து இறக்கினார். பார்க்கக் கோயில் குடை மாதிரி லட்சணமாகத்தான் இருந்தது. காற்று அடித்ததும் அது சுற்றத் தொடங்கியது. உள்ளே குளித்துக்கொண்டிருந்த, கூட வெட்டுகிற செண்பகமும் துணியைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து சுற்றினாள். சுற்றிக்கொண்டே அவள் வைத வசவுகளை இங்கே அச்சில் போட முடியாது. அன்றிலிருந்து ஆண்கள் யாரும் இந்த விஷயத்தில் யோசனை சொல்வதில்லை.

போன வருஷம் நடந்ததுதான் சொம்புக்குக் காரணம். கோதண்டபாணி கடையில் நல்ல கெட்டியான வெள்ளைக் காடாத் துணி எடுத்தாள். பின்னால் கை வைத்துப் பார்த்தாள், விரல் தெரியவில்லை. ஆனால் பார்த்தது காய்ந்த துணியில். குளிக்கிற இடத்தில் துணி நனையும் என்பது இத்தனை வருஷம் வயலில் கிடந்தவளுக்கு ஏனோ அன்றைக்குத் தோன்றவில்லை. முதல் நாள் சாயங்காலம் புதுப் பெண் பாஞ்சாலி உள்ளே போனாள். இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி ஆறு மாதம். மேற்கே வெயில், கிழக்கே ரோடு. தண்ணீர் பட்டதும் துணி கண்ணாடி ஆகிவிட்டது. கரும்பு ஏற்ற வந்து நின்றிருந்த வண்டிக்காரர்கள் இரண்டு பேர் சீட்டி அடித்தார்கள்.

அம்சா கத்தியோடு அவர்களைத் துரத்தினாள். வண்டியையும் மாட்டையும் விட்டுவிட்டு ஓடினார்கள். என்ன துரத்தி என்ன, பாஞ்சாலி ஈரத் தலையோடு மூட்டையைக் கட்டி அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். மறுநாள் அவள் புருஷனும் போனான். "எட்டு ஜோடி ஆயிப்போச்சுன்னு இல்லைங்க. என்ன நம்பி வந்த பொண்ணு. அவங்க அம்மா கையிலேந்து நான் இட்டுக்கினு வந்த பொண்ணு" என்று இதைச் சொல்லும்போது மட்டும் அம்சா எதிராளி முகத்தைப் பார்ப்பதில்லை.

இந்த மார்கழியில் பெருமுக்கலுக்குப் போய் பாஞ்சாலியை மறுபடி கூப்பிட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். பாஞ்சாலி மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே, தலை நிமிராமல், "வர்றேன்க்கா. ஆனா வந்து மூட்டைய அவுக்க மாட்டேன். குளிச்சிப் பாத்துட்டுதான் அவுப்பேன். சரிப்படலன்னா அப்படியே பஸ் ஏறிடுவேன்" என்றாள்.

"ஏறிக்க" என்றாள் அம்சா.

அதற்குப் பிறகுதான் அந்தப் பத்துக் கடைகளும் சொம்பில் நனைந்தன. ஒன்றும் தேறவில்லை. கித்தான் நனைந்தால் இரண்டு ஆள் தூக்க வேண்டும். லாரித் தார்ப்பாயின் நாற்றத்தில் குளித்தவள் திரும்பக் குளிக்க வேண்டும். கோதண்டபாணி வெறுத்துப்போய், "ஒனக்கு ஏத்த துணி இன்னும் நெய்யலம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

கடைசியில் அது கிடைத்த இடம் கடையே இல்லை. மயிலம் போகிற வழியில் ஒரு டூரிங் டாக்கீஸ் கட்டடக் கொட்டகையாக மாறிக்கொண்டிருந்தது. பழைய பக்கப் படுதாக்களைக் கழித்து வெளியே போட்டிருந்தார்கள். கன்னங்கரேலென்ற படுதா. அம்சா சொம்பைச் சரித்தாள், விரலை நீட்டினாள். வாட்ச்மேன், "இன்னா வெரலு? எங்க வெரலு?" என்று முழித்தார். அதற்கு மேல் அவள் யோசிக்கவே இல்லை. தலையில் வைத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"காசு குடுக்காதவன் ஒருத்தன் கண்ணுலயும் படக் கூடாதுன்னே தெச்ச படுதா சேவிகாம்மா இது. இதுக்கு மேல இன்னா கேரண்டி வோணும்?"

"அதிலும் பிளேடால் ஓட்டை போட்டுப் பார்த்தவர்கள் உண்டே" என்றேன். என் வாய் சும்மா இருக்காது. உடனே என் வீட்டு முற்றத்தில் கழி நட்டாயிற்று. படுதாவைச் சுற்றி, என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். பட்டப்பகலில் நட்சத்திரம் பார்க்கிற மாதிரி இருந்தது. நாற்பத்தோரு ஓட்டை. ஏறக்குறைய எல்லாமே ஒரே உயரத்தில், தரை டிக்கெட் வாங்க மனமில்லாத பயல்களின் உயரத்தில். ஊசியும் கருப்பு நூலுமாக இரண்டு நாள் உட்கார்ந்தாள். ஒரு ஓட்டை அடைத்ததும் உள்ளே போய்ப் பார்ப்பாள், வெளியே வருவாள், மறுபடி போவாள். என் பழைய கருப்புக் குடையும் ஒட்டுத் துணியாகப் போய்விட்டது.

அவள் போட்ட அளவு இது: உள்ளே நின்று கையைத் தூக்கினால் விரல் நுனி மட்டும் மேலே தெரிய வேண்டும். "பஸ்ஸு டாப்புல ஒக்காந்துகினு போறவனுக்கும் அதான் தெரியும்." முனை சீவிய நாலு மூங்கில் கழி, மண்ணில் இழுபடும் ஓரத்துக்குக் கல், காலுக்குக் கீழே ஒரு பலகை, சோப்பு வைக்க ஒரு பவுடர் டப்பா. வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் நட்டுவிடுகிறாள். சுருட்டினால் ஒரு தலைச்சுமை.

தை மாதம் ஐந்தாம் தேதி, விழுப்புரம் தாண்டி ஒரு வயலில் அவர்கள் வெட்டு. நான் சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது பம்புசெட் ஓரம் படுதா நின்றிருந்தது. போன வருஷத்து மாதிரியே மேற்கே வெயில், கிழக்கே ரோடு. குடிசை வாசலில் பாஞ்சாலி நின்றாள். காலடியில் முடிச்சு அவிழாத மூட்டை. கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள்.

"நீ மொதல்ல ரோட்டுக்குப் போயி நில்லு" என்று அம்சா அவளை அனுப்பிவிட்டு, ஒரு குடம் தண்ணீரோடு உள்ளே போனாள். தண்ணீர் படுதாவில் அடிக்கிற சத்தம் கேட்டது. நாலு பக்கமும் நனைத்திருப்பாள். பிறகு குரல் வந்தது.

"பாஞ்சாலி! எத்தினி வெரலு?"

பாஞ்சாலி குனிந்து பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள், ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தாள். ஒரு பஸ் வந்தது. வழக்கம்போலச் சில தலைகள் திரும்பின, கருப்பைப் பார்த்துவிட்டு நேராகிக்கொண்டன.

"ஒண்ணும் தெரியலக்கா."

"நல்லா பாத்து சொல்லுடி. ரெண்டு கையும் ஆட்டிக்கினு கீறேன்."

"அய்ய, நீ உள்ள கீறியா இல்லையான்னே தெரியல!"

செண்பகம் சிரித்தாள். மற்ற பெண்களும் சிரித்தார்கள். அம்சா தொப்பலாக நனைந்து வெளியே வந்தாள். பாஞ்சாலி சோப்பை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. சின்னதுரை குடம் குடமாகக் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போனார். அம்சா ஒவ்வொன்றாகத் தூக்கிப் படுதா ஓரம் வைத்தாள். வாயில் வெற்றிலை இல்லாமலே மென்றுகொண்டிருந்தாள். நானும் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது படுதாவுக்கு மேலே விரல் நுனிகள் தெரிந்தன. பிழிந்த பாவாடை ஒன்று மேலே வந்து, மூங்கில் கழியில் விழுந்து தொங்கியது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

அம்சா அந்தப் பாவாடையைப் பார்த்தாள். பிறகு, உள்ளே ஒன்றும் தெரியாது என்று நாற்பத்தோரு முறை சோதித்தவள், படுதாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.