மஞ்சள் போடாத கோழி

என் அண்ணி சிவந்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அவள் புருஷன், அதாவது என் அண்ணன் லோகநாதன், ராயபுரத்தில் மொரெல்லி துரையின் பங்களாவில் பதினாறு வருஷம் பட்லராக இருந்தவர். துரை இத்தாலிக்காரர். கப்பலில் சலவைக்கல் தருவித்து விற்பது அவர் தொழில். அண்ணனின் கை ருசி ஹார்பர் முழுக்கப் பிரசித்தம். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இப்படி ஒரு வாயில்லாப் பூச்சி வந்து வாய்த்ததே என்று எனக்கு எரிச்சல்.

1929 ஆவணியில் அண்ணன் மாரடைப்பு வந்து நாலு நாள் படுக்கையில் கிடந்து போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்ததும் துரை சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமையிலிருந்து ரஹீம் பாய் சமையலுக்கு வருகிறார், பின்கட்டு அறையைக் காலி செய்ய வேண்டும். சிவந்திக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களுக்குப் போக்கிடம் புளியந்தோப்பில் இருக்கும் என் ஒற்றை அறைதான். அதிலேயே நாங்கள் ஆறு பேர் காலை நீட்ட முடியாமல் படுத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாயில்லாப் பூச்சி நேராக வராந்தாவில் போய் நின்று, "அந்த வேலைய எனக்கே குடுங்க தொரே" என்று கேட்டுவிட்டது. பங்களாவில் பொம்பளை சமையலா? எங்கேயாவது உண்டா? துரை யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் லோகநாதன் செய்கிற அந்தத் தக்காளிக் கோழியைச் செய், சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அவர் ஊர்ப் பாஷையில் அதன் பேருக்கு வேட்டைக்காரன் கோழி என்று அர்த்தமாம்.

அன்று காலை துணைக்கு என்று நானும் போனேன். அடுப்பு மூட்டுவதற்குள் அவள் மூன்று தீக்குச்சியை ஒடித்துவிட்டாள்.

"சொக்கம்மா, தண்டையார்பேட்ட மார்க்கெட்டுக்கு ஓடிப்போயி ஒரு வீசை தக்காளி வாங்கிகினு வந்துடு. தொர ஒரு மணிக்கு சாப்ட ஒக்காருவாரு."

ஒரு வீசை என்றதும் எனக்கே திகைப்புதான். இருந்தாலும் விடவில்லை. நாலு கீரைக்காரிகளிடம் அலைந்து, கூடை நிறைய வாங்கிக்கொண்டு பத்தரை மணிக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தேன். அவள் கூடையைத் திறந்தாள். உள்ளே கறுப்புக் கறுப்பாக மணத்தக்காளி.

"ஐயோ, இன்னா சொக்கம்மா இது! சீமைத் தக்காளி வோணும். செவப்பா, பெருசா இருக்குமே, அது!"

"சீமைன்னு நீ சொன்னியா? எங்க தெருவுல தக்காளின்னா இதான். வாய்ப்புண்ணுக்கு வத்தக்கொழம்பு வப்போம்!"

கத்திக்கொண்டே கூடையை என் பக்கம் இழுத்து மூடினேன். தோட்டத்துச் சீமைத் தக்காளியை வாங்கிச் சமைத்தவர்கள் எங்கள் தெருவில் ஒருத்தர் கிடையாது. அவளோ பங்களாச் சமையல்கட்டுப் பேச்சில் வெறும் தக்காளி என்று சொல்லிவிட்டாள். கோழி அறுத்தாகிவிட்டது. சமைக்க இரண்டரை மணி நேரம்கூட இல்லை.

பக்கத்துப் பங்களாக் கொல்லையில் சீமைத் தக்காளி காய்த்துக் கிடந்தது. அங்கே சமையல்காரர் யார் தெரியுமா? நாளைக்கு இவள் அறைக்குக் குடிவரப்போகிற அதே ரஹீம் பாய். சிவந்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் செய்த கூத்துக்கு நான்தானே போக வேண்டும்?

"இன்னாமா, என் வேலைய புடுங்கறதுக்கு என் கொல்லையிலயே தக்காளியா?" என்றார் பாய். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. தலை குனிந்து நின்றேன். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "பறிச்சிகினு போ. தக்காளி இல்லாம ஒரு பொம்பள தோத்துட்டான்னா, அப்பால எனக்கு இன்னா மருவாதி கீது?"

மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்தேன். பாதிக்குமேல் செங்காய். சிவந்தி ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். "புளிக்குது" என்றாள், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, விதையைப் பிழிந்து எறிந்தாள். துரையின் டின் எண்ணெயில் கோழித் துண்டுகளைப் பொன்னாக வறுத்து எடுத்து, அதே எண்ணெயில் வெங்காயமும் பூண்டும் வதக்கினாள். துரையின் சிவப்புச் சாராயத்தை ஒரு தம்ளர் ஊற்றினாள். குப்பென்று ஆவி எழுந்தது. தக்காளியைக் கொட்டிச் சர்க்கரை ஒரு சிட்டிகை தூவினாள். கோழியைத் திரும்பப் போட்டுத் திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளிப் போட்டாள். மஞ்சள் கிடையாது, மிளகாய் கிடையாது. இதை மனுஷன் தின்பானா என்று எனக்கு ஒரே கவலை. அவள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சாற்றை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, தணலை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தாள்.

ஒரு மணிக்கு அவளே தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே போனாள். நான் கதவோரம் நின்றேன். துரை ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார். தட்டைத் துடைத்த மாதிரி காலி செய்தார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், அவருடைய தமிழில் சொன்னார்:

"லோகநாதன் கை. அப்படியே இருக்கு. உனக்கு நல்லாக் கத்துக் குடுத்தான். ஆனா ஒரு கறி போதுமா? அவனுக்கு நூறு கறி தெரியும். ரஹீம் வரட்டும்."

சிவந்தி நகரவில்லை. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் துரையைப் பார்த்துச் சொன்னாள்.

"பதினெட்டாம் வருச வெஷஜொரத்துல அவருக்கு மூக்கும் நாக்கும் செத்துப்போச்சி தொரே. உப்பா சப்பான்னுகூட தெரியாது. பதினோரு வருசமா நீங்க துண்ணது என் கை. அவரு தட்டத் தூக்கிகினு வருவாரு, அவ்ளோதான்."

துரை காலித் தட்டைக் குனிந்து பார்த்தார். சமையல்கட்டுக்குள் அவர் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. கடைசியில், "போன ஈஸ்டருக்கு சூப்பில் ஒரே உப்பு. அது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான். பெரியவளுக்கு அம்ம போட்டுக் கெடந்தா. மனசு இங்க இல்ல. ரெண்டு தபா போட்டுட்டேன்."

"அன்னிக்கு அவனை ரொம்பத் திட்டினேன்" என்றார் துரை. அப்புறம், ரஹீமிடம் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

வேலையும் அறையும் அவளுக்கே தங்கின. சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? சமையல்கட்டுக்குள் வந்ததும் அவள்மேல் பாய்ந்தேன். "எங்கண்ணன் செத்து ரெண்டு மாசம் ஆவல. அதுக்குள்ள அவரு மானத்த வாங்கிட்டியே, பாவி!"

அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "சொல்லிடுன்னு அவருதான் சொன்னாரு, சாவறதுக்கு மொத நாளு. ஒன் மூஞ்சிக்காவதான் இத்தினி நாளு சொல்லல."

அண்ணன் ஒவ்வொரு மாசமும் மிச்சக் கறியைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, இவளையும் கூட்டிக்கொண்டு புளியந்தோப்புக்கு வருவார். தெருவே கூடித் தின்போம். நான் விரலைச் சப்பிக்கொண்டே எல்லார் எதிரிலும் கேட்பேன்: "இன்னா அண்ணி, எங்கண்ணங்கூடயே இருந்துகினு இந்த ருசி ஒனக்கு வரலியே?"

அவள் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். "எனக்கெங்க வரும் சொக்கம்மா, நீ இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கோ."