புளி போட்டுத் தேய்த்த சல்லடை

முப்பத்தொரு வருஷம் அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்தவன் நான். என் கோபம் புதுக்கோட்டை – திருச்சி ரூட்டில் எல்லோருக்கும் தெரியும். "ஆனந்தராஜ் டூட்டியா, அடுத்த வண்டில போவம்" என்று படியில் வைத்த காலைக் கீழே எடுத்தவர்கள் உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்ல வந்தது என் மனைவி ஞானமணியைப் பற்றி. அவள் யாரோடு குடித்தனம் நடத்தினாள் என்று தெரிந்தால்தான் அவளைத் தெரியும்.

ஞானமணி ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். சோதனைக் குழாய்களைக் கழுவுவாள், உப்புகளை நிறுத்துப் பொட்டலம் கட்டுவாள். செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கும்போது, குழாயைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் தள்ளி வைப்பாளாம். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டாள். பள்ளியின் ஆண்டு மலரில் ஒரு வருஷம்கூட அவள் பெயர் வந்ததில்லை.

ஓய்வு பெற்ற கையோடு பாண்டிச்சேரி பக்கம் போய் மூன்று மாதம் பீங்கான் பாத்திரம் செய்யப் படித்துவிட்டு வந்தாள். ஆவூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் எழும்பியது. உள்ளே ஒரு சக்கரம், ஒரு கரண்ட் சூளை. நான் குதித்தேன். "ரிட்டையர் ஆனவ செத்த ஓய்வா இருந்தா என்ன? இந்த வயசுல மண்ணைப் பெசையணுமா?" என் கோபத்துக்கு அவள் பதில் சொன்னதே கிடையாது. மழைக்கு ஒதுங்குகிறவர்கள் போலச் சும்மா நிற்பாள். ஓய்ந்ததும் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

இரண்டு வருஷம் அந்த ஷெட்டுக்குள் நான் கால் வைக்கவில்லை. காப்பி வேண்டுமென்றால் வாசலில் நின்று கூப்பிடுவேன். ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்தில், "அது அவளுக்குப் பொழுதுபோக்கு" என்று நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டேன். அவள் பந்தியில் எனக்கு எதிரே இலையில் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவே இல்லை.

போன ஐப்பசியில் திருமயம் பக்கத்திலிருந்து முத்தாள் ஆச்சி என்று ஒருவர் காரில் வந்தார். தை மாதம் அவர் மகள் ஜனனிக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் சீர் சாமான்களை வீடு முழுக்கப் பரப்பி வைப்பார்கள். வருகிற சொந்தமெல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கும். அதில் வைக்க நாற்பது வெள்ளை ஜாடி வேண்டும் என்றார் ஆச்சி.

"வெள்ளைன்னா வெள்ளையா இருக்கணும். கறுப்பா ஒரு பொட்டு இருக்கப்படாது. கல்யாணச் சாமான் பாருங்க."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஞானமணி என்னிடம் சொன்னாள். "இதுல பேரு கெட்டுச்சுன்னா சூளைய வித்துருவேங்க. பொழுதுபோக்குதான்னு ஒத்துக்கிட்டுப் போயிருவேன்." அந்தச் சொல் யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் போனை வைத்துக்கொண்டு சல்லடை பார்த்துக்கொண்டிருந்தாள். சுட்ட ஜாடியை ஒரு வெள்ளைக் குழம்பில் முக்கி மறுபடி சுட்டால், அது உருகிக் கண்ணாடி போல மேலே படிந்துவிடும். அந்தக் குழம்புக்குக் கிளேஸ் என்று பேர். அதைச் சலித்துத்தான் வைக்க வேண்டும். அதுவரை மாவுச் சல்லடையிலேயே ஓட்டியிருக்கிறாள். நாற்பது ஜாடிக்கு அது ஆகாது.

"அங்குலத்துக்கு எம்பது கண்ணு இருக்கணுங்க. அறுவதுன்னா கட்டி தப்பிச்சு வந்துரும். எறநூறுன்னா வேண்டிய சரக்கையும் சேத்துப் புடிச்சு வச்சுக்கும். எவர்சில்வர் கம்பியா இருந்தா நல்லது. போன்ல போட்டா பத்து நாள்ல வருமாம்."

எனக்குச் சுருக்கென்றது. "கையில எடுத்துப் பாக்காம ஒரு சாமான் வாங்குவாங்களா? ஒனக்கு எம்பது கண்ணுதான வேணும், நான் வாங்கியாரேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் வேலைக்கு நான் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டவன் இல்லையே.

மறுநாள் காலை புதுக்கோட்டை பஸ் ஏறினேன். கீழராஜ வீதியில் நாலு பாத்திரக் கடை ஏறி இறங்கினேன். எண்பது கண் என்றதும் சிரிக்கிறான்கள். கடைசியில் நாட்டு மருந்துச் சாமான் விற்கிற கடை ஒன்றில், சூரணம் சலிக்கிற சல்லடை என்று இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்று எவர்சில்வர், தட்டினால் டப்பா சத்தம், கையில் கனமே இல்லை. இன்னொன்று பித்தளை. விளிம்பு தடிமனாக, தட்டினால் நின்று ஒலித்தது. வெயிலில் தூக்கிப் பார்த்தேன். கட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. எவர்சில்வர் என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் பித்தளை பித்தளைதானே என்று அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞானமணி அதன்மேல் ஒரு ஸ்கேலை வைத்தாள், பூதக்கண்ணாடியை எடுத்தாள், உதடு அசைய எண்ணினாள். "எம்பத்திரெண்டு" என்றாள்.

"கேட்டதுக்கு ரெண்டு கூடவே கொண்டாந்துருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரு வாரத்தில் சல்லடை மங்கிப்போய்த் தொங்கியது. பித்தளை மங்கினால் எனக்குப் பொறுக்காது. எங்கள் வீட்டில் மாதா படத்துக்கு முன் இருக்கும் மெழுகுதிரித் தண்டுகள் எப்போதும் பளிச்சென்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் போடுவேன். தேய்ப்பது என்னவோ அவள்தான். அந்தச் சனிக்கிழமை என்ன தோன்றியதோ, ஒரு உருண்டை புளியும் ஒரு பிடி கல் உப்பும் எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன். தேங்காய் நார் வைத்து விளிம்பையும் வலையையும் தேய்த்த தேய்ப்பில் சல்லடை தங்கமாக வந்தது. ஷெட் வாசலில் ஞானமணி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களா கழுவுறீங்க?"

கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் நான் ஒரு டம்ளர் கழுவியதில்லை. அவள் கேட்டதில் தப்பே இல்லை.

அதிலிருந்து சனிக்கிழமை என்றால் சல்லடை என் பொறுப்பு. நான் தேய்ப்பேன், அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஏதாவது சொல்வாள். மேலே படிக்க ஆசைப்பட்டதை, அவள் அப்பா போதும் என்றதை, அதெல்லாம் அந்தக் குழாயடியில்தான் முதல்முறையாகக் கேட்டேன். உப்புகளைப் பற்றிச் சொல்வாள். எது எரித்தால் என்ன நிறம், எது கரைந்தால் என்ன நிறம் என்று. "செம்புன்னா மறைக்கவே முடியாதுங்க. எங்க இருந்தாலும் பச்சையா வந்து நின்னு நான் இருக்கேன்னு சொல்லிரும்." நான் தலையை ஆட்டிக்கொண்டே தேய்ப்பேன்.

கார்த்திகை கடைசியில் நாற்பது ஜாடியும் சூளைக்குப் போயின. இரண்டாம் நாள் திறந்தோம். முதல் தட்டைப் பார்த்ததுமே ஞானமணியின் முகம் மாறிவிட்டது. வெள்ளை ஜாடியில் கடுகளவு புள்ளிகள். நடுவில் கறுப்பு, சுற்றிப் பச்சை வளையம். எண்ணினோம். இருபத்தாறு ஜாடி கெட்டிருந்தது.

அவள் அழவில்லை. நான்தான் ஆடினேன். கிளேஸ் சரக்கு அனுப்புகிற விருத்தாசலத்துக்காரர் செம்மலுக்குப் போன் போட்டேன். "பொம்பளை ஆளுதானன்னு கழிவைக் கட்டி அனுப்புறியா" என்று ஆரம்பித்து வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அந்த மனுஷன் நடுவில் "அண்ணே, அண்ணே" என்றான். நான் விட்டால்தானே. போனை வைத்துவிட்டு ஆழ்குழாய்த் தண்ணீரைத் திட்டினேன், கரண்ட்டைத் திட்டினேன். ஞானமணி ஒரு ஜாடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சல்லடையைப் பார்த்தாள். பிறகு என்னை.

"சரிங்க. திரும்பப் பண்ணுவோம்" என்றாள். நான் சொன்னதை ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

செம்மல் பாவம், மூன்றாம் நாளே ஒரு மூட்டை புதுச் சரக்கு அனுப்பிவிட்டான். "பாத்தியா, அதட்டுனாத்தான் வேலை நடக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஞானமணி இருபத்தாறு ஜாடியையும் முதலிலிருந்து செய்தாள். மார்கழிக் குளிரில் மண் காய மாட்டேன் என்றது. இன்னொரு தடவை கெட்டால் தைக்குள் முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, கீரனூரில் ஒரு துக்கம் விசாரிக்கப் போனேன். அவர்கள் வீடு பூட்டியிருந்தது. சாயங்காலம் வருவதாகச் சொன்னவன் மதியமே திரும்பிவிட்டேன். ஷெட் கதவு பாதி திறந்திருந்தது. ஞானமணி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கிளேஸ் சலித்துக்கொண்டிருந்தாள். பித்தளைச் சல்லடை ஆணியில் தொங்கியது. அவள் கையில் இருந்தது வேறு ஒன்று. பிளாஸ்டிக் குழாயை வளையமாக அறுத்து, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர்கள் சட்டத்தில் இழுத்துக் கட்டும் மெல்லிய வலைத் துணியை அதில் கட்டியிருந்தாள்.

முதலில் வழக்கம்போலக் கோபம்தான் வந்தது. என் சல்லடைக்கு என்ன குறை என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எழுந்து பித்தளைச் சல்லடையை எடுத்தாள். ஒரு பிரஷ்ஷைக் கிளேஸில் தோய்த்து அதன் வலையில் பூசினாள். விளிம்பில் கொஞ்சம், பின்புறத்தில் கொஞ்சம். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். போதாது என்று தோன்றியதோ என்னவோ, ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வழியவிட்டாள். பிறகு அதைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை.

நான் சத்தமில்லாமல் பின்வாங்கி வாதநாராயண மரத்தடியில் நின்றேன். அவள் சமையலறைக்குப் போனதும் உள்ளே நுழைந்து சல்லடையை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். கடையில் பார்த்த கட்டங்கள் இல்லை. நடுவில் ஒரு கம்பி அறுந்திருந்தது, பக்கத்தில் இரண்டு காணாமல் போயிருந்தன. கட்டைவிரலால் தடவினேன், குத்தியது. தலைமுடி மாதிரிக் கம்பி. வாராவாரம் புளியும் உப்பும் போட்டால் என்ன ஆகும்? அரித்து, ஒடிந்து, துணுக்குத் துணுக்காகக் கிளேஸில் விழுந்திருக்கிறது. பித்தளையில் செம்பு இருப்பது எனக்கே தெரியும். பச்சையாக வந்து நின்று சொல்லியிருக்கிறது.

இருபத்தாறு வருஷம் ஆய்வகத்தில் இருந்தவளுக்கு அது சூளை திறந்த நிமிஷமே தெரிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? அதுவும் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் நான் குதித்திருப்பேன். சல்லடையை வீசியிருப்பேன். அந்த ஷெட்டுப் பக்கம் அப்புறம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். அவளுக்கு ஜாடியும் வேண்டும், சனிக்கிழமை குழாயடியில் நானும் வேண்டும். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. இப்படிப்பட்டவளையா இத்தனை வருஷம் அதட்டினேன் என்று அழுகை வந்தது. அழுதேன், அதிலென்ன.

மறுநாள் ஒன்றும் தெரியாதவன் போலச் சல்லடையைத் தேய்த்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். எதுவும் என் காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை சூளை ஏற்றினாள். புதன்கிழமை திறக்கும் வரை நான் பட்ட பாடு பெரியநாயகி மாதாவுக்குத்தான் தெரியும். இருபத்தாறும் பால் போல வந்தன. ஒரு பொட்டு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆச்சியும் ஜனனியும் வந்தார்கள். ஆச்சி நாற்பது ஜாடியையும் ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே விரல் விட்டுத் தடவி, கவிழ்த்துப் பார்த்தார். "பரப்புறப்ப இதத்தான் முன்னாடி வைக்கணும்" என்று மகளிடம் சொன்னார். பிறகு ஞானமணியிடம் திரும்பி, "மொதத் தடவ புள்ளி விழுந்துருச்சுன்னு போன்ல சொன்னீகளே, அது எதுனால?" என்றார்.

"சரக்குல ஏதோ கோளாறு ஆச்சி. இப்ப மாத்தியாச்சு" என்றாள் ஞானமணி. என் பக்கம் பார்க்கவே இல்லை.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "சரக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். "நான்தான் சல்லடையப் புளி போட்டுத் தேச்சுக் கெடுத்துட்டேன். இவளுக்குத் தெரியும். எம்மனசு நோகும்னு சொல்லல."

ஞானமணி கையிலிருந்த ஜாடியைக் கீழே வைத்தாள். ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பித்தளைக்குப் புளி போடுற ஆம்பளைய இன்னைக்கித்தான் பாக்குறேன்" என்றார். ஜனனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர்கள் போனதும் செம்மலுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "நெசமாவே அந்த அண்ணன்தானா பேசுறது?" என்றான்.

ஞானமணி அன்று முழுக்க அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை. போவதா வேண்டாமா என்று கொல்லையில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஷெட்டுக்குள் போனேன். பித்தளைச் சல்லடை ஆணியில் சுத்தமாகத் தொங்கியது. இந்த வெள்ளிக்கிழமை அதில் அவள் எதையும் பூசவில்லை. மூலையில் வாளிமேல் அந்தக் குழாய் வளையம் இருந்தது, வலையெல்லாம் கிளேஸ் அப்பி. அதை எடுத்துக்கொண்டு குழாயடியில் போய் உட்கார்ந்தேன்.

பின்னால் முக்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அதுக்குப் புளி வேண்டாங்க" என்றாள் ஞானமணி. "வெறும் தண்ணி போதும்."