ஆளை மாத்தி எடுத்த அளவு

"ஆளையே மாத்தி அளவெடுத்துட்டு, தையல் எப்படி இருக்குன்னு என்னைக் கேக்குறாங்க."

இரண்டு வருடமாகக் கத்திரியக்கா வாயில் இதே பாட்டுத்தான். பட்டன் வைக்க வந்தவரும் கேட்டார், பாவாடைக்கு அளவு கொடுக்க வந்தவளும் கேட்டாள். காஜா எடுக்கும் நாத்தனார் ஒருநாள், "அண்ணி, இதை ஒரு போர்டுல எழுதி மாட்டிடுங்க. தொண்டையாவது மிஞ்சும்" என்றாள்.

இரண்டு மிஷின் போட்டால் திரும்ப இடமில்லாத கடை. பதினாறு வருடமாக அதில்தான் அக்காவின் தையல். காலி செய்யச் சொல்லிக் கட்டட ஓனர் வழக்குப் போட்டார். வாடகைத் தகராறுக்கென்றே தனி மன்றம் இருக்கிறது; அங்கே போனால் ஏன் காலி செய்ய வேண்டும் என்று குடைவார்கள். அதனால் சாதாரண கோர்ட்டில் போட்டார். "ஐயா, இது உங்க கோர்ட்டு கேஸே இல்லைங்க" என்று அக்கா முதல் நாளே சொன்னாள். நீதிபதி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "அதெல்லாம் கடைசீயில பாத்துக்கலாம்மா" என்று இழுத்தார். அந்த இழுப்பை அக்கா செய்து காட்டினால், சிரிக்கிற சிரிப்பில் நாத்தனாரின் ஊசி விரலில் ஏறும்.

வழக்கை நிறுத்தச் சொல்லி அக்காவும் அவள் வக்கீலும் மேல் கோர்ட்டுக்குப் போனார்கள். வக்கீல் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார்: நீதிபதி சாட்சியை நம்பவில்லை, ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை, எரிந்து எரிந்து விழுகிறார். மனு மேல் கோர்ட்டின் பதிலோடு திரும்பி வந்தது: தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் அப்புறம் அப்பீலுக்கு வாருங்கள். விசாரிக்க அதிகாரமே இல்லாத கோர்ட்டைத்தான் பாதியில் நிறுத்த முடியும்.

தீர்ப்புக்கு இன்னும் நாலே நாள். சொல்லிவிட்டால் பிறகு தடுக்க ஒன்றுமில்லை.

"அப்பீல்ல பாத்துக்கலாம்மா" என்றார் வக்கீல்.

"அதுக்குள்ள என் மிஷின் தெருவுல கிடக்கும் சார். அவர் நல்லவரா கெட்டவரான்னு யார் கேட்டா? அந்த நாற்காலிக்கு இந்தக் கேஸ் சொந்தமில்ல. அதை எங்க எழுதினீங்க?"

"ஒன்பதாம் பக்கம், கடைசிப் பத்தி."

அக்கா கத்திரியை எடுத்தாள். அந்தப் பத்தியை மட்டும் வெட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வெட்டுத்துணிக் கூடையில் போட்டாள். வக்கீலுக்கு முகம் கறுத்தது. ஆனாலும் அதையே புது மனுவாக எழுதிக்கொண்டு போனார்.

தீர்ப்பு நாளன்று நீதிபதி தாளைப் பிரிக்குமுன் மேல் கோர்ட்டு உத்தரவு மேஜைக்கு வந்தது: இந்த வழக்கை விசாரிக்கவும் கூடாது, தீர்ப்புச் சொல்லவும் கூடாது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். இழுப்பைக் காணோம்.

வராந்தாவில் ஓனர் வழிமறித்தார். "ரொம்பத் துள்ளாதே. சரியான இடத்துல போட்டு உன்னைக் கிளப்புறேன்."

"அதைத்தானே ஓனர் சார் ரெண்டு வருஷமா தொண்டை கிழியச் சொல்றேன். போடுங்க. அங்க தோத்தா என் மிஷினை நானே தூக்கிட்டுப் போறேன், உங்க கை படவேணாம். ஆனா கடையைப் பூட்டிட்டு இந்த பெஞ்சுல வந்து உக்காந்தேனே, அத்தனை நாளையும் எந்தக் கோர்ட்டு எனக்குத் திருப்பித் தரும்? அதுக்கு ஒரு பதிலை யோசிச்சு வெச்சுக்கிட்டு வாங்க."