காஜா பெராங் கனகசபையின் இரண்டு இறக்கைகள்

வியாழக்கிழமை

காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட்டில் பஸ் ஏறினேன். மலாக்காவுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது மைல். கட்டணம் ஆறு வெள்ளி. வழியில் பத்து பகாட்டிலும் மூவாரிலும் ஆறு குறுக்கிடும். இரண்டு இடத்திலும் பாலம் கிடையாது. பஸ்ஸையே தெப்பத்தில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். மலாயாவுக்குச் சுதந்திரம் வர இன்னும் சில வாரங்கள்தான் என்றாலும் ஜொகூர் சாலைகளில் சோதனை குறையவில்லை. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று போலீஸ்காரர்கள் மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்த்தார்கள்.

ஆயர் ஈத்தாம் அருகே என் முறை வந்தது. என்னிடம் ஒரு சுருள் லினன் துணியும் இரண்டு பெரிய டின்களும் இருந்தன. மலாய்க் கான்ஸ்டபிள் ஒரு டின்னைத் திறந்து முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது என்ன?"

"விமானத்தின் இறக்கைத் துணிக்குப் பூசுவது."

"விமானத்துக்குப் பூசுவது பஸ்ஸிலா போகிறது?" என்று சிரித்து, மூடியை அவரே அழுத்திக் கொடுத்தார்.

பக்கத்து இருக்கையில் மூவாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர் இருந்தார். அவருக்கு அதன்பிறகு தூக்கம் போய்விட்டது. யாருடைய விமானம் என்று கேட்டார். மலாக்காவில் என் சிநேகிதருடையது, இரண்டு பேர் உட்காரலாம் என்றேன்.

"கம்பெனிக்காரரா?"

"இல்லை. கப்பல் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி."

"வாங்கிப்புடலாம்லா. யானையக் கட்டித் தீனி போடுற கதைல்ல அது?"

அவர் சொன்னது சரிதான். பறந்தாலும் பறக்காவிட்டாலும் விமானம் தின்றுகொண்டே இருக்கும். எண்ணெய் மாற்ற வேண்டும், டயர் மாற்ற வேண்டும், சில வருடங்களுக்கு ஒருமுறை இறக்கையின் துணியை உரித்துப் புதிதாகப் போர்த்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆண்டுக்கொரு முறை லைசென்ஸ் பெற்ற இன்ஜினியர் ஒருவர் சோதித்துப் பறக்கத் தகுந்தது என்று கையெழுத்திட வேண்டும். என் சிநேகிதருக்கு இதுவரை கையெழுத்திட்டு வந்த ஆங்கிலேயர் ஊர் திரும்பிவிட்டார். அதனால்தான் பாயா லேபார் விமான நிலையத்தில் லைசென்ஸ் பெற்ற இன்ஜினியராக வேலை செய்யும் நான் போய்க்கொண்டிருந்தேன்.

மலாக்கா சேரும்போது மாலை வெயில் சாய்ந்துவிட்டது. பண்டார் ஹிலிர் திடலைச் சுற்றி மூங்கில் வளைவுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து என் சிநேகிதர் வீடு இருக்கும் காஜா பெராங்குக்கு ரிக்‌ஷாவில் நாற்பது காசு.

கனகசபை பிள்ளை வாசலிலேயே நின்றார். ஜப்பான் சண்டை முடிந்த காலத்தில் இருவரும் ஒரே விமானப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். என்னைவிட மூத்தவர்; மலாய் முறைப்படி, அண்ணன் என்ற பொருளில், 'பாங்' என்றுதான் அழைப்பேன். அவர் மலாக்காச் செட்டி; பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறி மலாய் பேசத் தொடங்கிவிட்ட தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, வாசலில் மாவிலை, பேச்சு மட்டும் மலாய். தமிழில் சாமி பெயர்களும் சில சில்லறைச் சொற்களும்தான் அவருக்குத் தெரியும். எங்களுக்குள் பேசியதையெல்லாம் இங்கே தமிழாக்கித் தருகிறேன். அவர் மனைவி செல்லம்மா புக்கிட் காதில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். கணவரிடம் மலாய், என்னிடம் தமிழ்.

சாப்பிடும்போதே கனகசபை தம் திட்டத்தைச் சொன்னார். காட்டோரத் தோட்டங்களுக்குச் சம்பளப் பணத்தைச் சாலை வழியே அனுப்பப் பயப்படுகிறார்கள். சிறு விமானத்திலிருந்து பையை வீசுகிறார்கள். மூன்று தோட்டத்தார் அடுத்த மாதம் முதல் அந்த வேலையை அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பிக் கப்பல் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டார். விமானத்தை வாங்கத் தெங்கேராவில் இருந்த தகப்பனார் வீட்டை முன்பே விற்றாயிற்று. இப்போது இருப்பது வாடகை வீடு.

"துணி மாற்றி நீ கையெழுத்துப் போட்டால் வேலை தொடங்கிவிடும்," என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை

பத்து பெரண்டாம் விமானத்திடல் வடக்கே ஐந்து மைல். அவருடைய மோட்டார் சைக்கிளில் போனோம். திடலின் ஓரத்தில் தகரக்கூரை போட்ட கொட்டகை. மூன்று பக்கமும் சுவர் கிடையாது. உள்ளே விமானம் தொட்டில் குழந்தையைப்போல இருந்தது. இன்ஜின் மூடிக்குள் ஈரம் சேராதபடி ஒரு சிறு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. இருக்கைக்கடியில் ஈரத்தை உறிஞ்சச் சுட்ட சுண்ணாம்பு மூட்டைகள். முன்விசிறிக்குக் கான்வாஸ் உறை. டயர்கள் ஒரே பக்கம் அழுந்தாதபடி வாரந்தோறும் சக்கரத்தைத் திருப்பி வைப்பாராம். இறக்கைகள் கண்ணாடிபோல மின்னின. பூச்சு வேலை செல்லம்மாவுடையது என்றார் பெருமையாக.

முன்விசிறியை ஒரு சுற்று சுற்றியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம் ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதைவிட நன்றாகப் பேணப்பட்ட இன்ஜினை நான் வேலை செய்யும் இடத்தில்கூடப் பார்த்ததில்லை. அவரிடம் சொன்னேன். அவர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் துணியை அறுத்தேன்.

முதலில் வந்தது வாடைதான். மழைக்காலத்தில் பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்தாற்போல. அந்த விமானத்தின் இறக்கை மரத்தால் ஆனது. நீளவாட்டில் ஓடும் இரண்டு மரச்சட்டங்கள்தான் முழுப் பாரத்தையும் தாங்கும். பின்பக்கச் சட்டத்தில் பேனாக்கத்தியை வைத்து அழுத்தினேன். பழுத்த பப்பாளியில் இறங்குவதுபோல இறங்கிற்று. ஒட்டியிருந்த பசை மாவாக உதிர்ந்தது. மறுபக்க இறக்கையையும் அறுத்துப் பார்த்தேன். அங்கேயும் அதேதான்.

இறக்கையின் அடியில், பின் விளிம்பை ஒட்டிச் சிறு துளைகள் உண்டு. உள்ளே புகும் மழைநீர் அந்த வழியாகத்தான் வடியும். குனிந்து தடவிப் பார்த்தேன். ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. எல்லாவற்றிலும் மெழுகு, அதன்மேல் வழவழப்பான பூச்சு. கையால் தடவாமல் கண்ணால் மட்டும் பார்த்துக் கையெழுத்திடுகிறவருக்கு அங்கே துளை இருந்ததே தெரியாது.

"அழுகல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது?" என்றார் கனகசபை.

"கத்தி நிற்கவே இல்லை, பாங்."

"போன வாரம்கூடப் போர்ட்டிக்சன் வரை போய்வந்தேன். ஒன்றும் ஆகவில்லையே."

"எப்படி ஆகாமல் போனது என்றுதான் எனக்குப் புரியவில்லை."

அவர் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டார். "புதுத் துணி போர்த்திவிட்டால் யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"பறக்கப்போவது நான். உன்னை ஏறச் சொல்லவில்லை."

"பையை வீசத் தாழப் பறந்து சட்டென்று திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் இறக்கை மடங்கிவிடும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

புது இறக்கைகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். அவற்றின் விலை அந்த விமானத்தை இன்னொரு முறை வாங்குவதைவிட அதிகம். தோட்டத்தார் காத்திருக்க மாட்டார்கள். இதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மறுபடி கெஞ்சவில்லை. "எதனால் வந்தது?" என்று மட்டும் கேட்டார்.

"பழைய பசை. இந்த ஊர் ஈரம்," என்றேன்.

வீட்டுக்குப் போனதும் கனகசபை மனைவியிடம் சுருக்கமாகச் சொன்னார். "இறக்கைக்குள் மரம் ஈரத்தில் உளுத்துவிட்டது. முடிந்தது. சோறு போடு."

செல்லம்மா பிண்டாங் மீன்குழம்பு வைத்திருந்தார். எனக்குப் பரிமாறிக்கொண்டே, குரல் மாறாமல், தமிழில் பேசினார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அவருக்குப் புரியாது, தமிழ்லயே சொல்லுங்க. றெக்கைக்கு அடியில சின்னச் சின்னதா ஓட்டை இருக்குல்ல, அது எதுக்கு?"

நான் சோற்றைப் பிசைய, அவரே தொடர்ந்தார்.

"அதுல குளவி கூடு கட்டுச்சுண்ணே. உள்ள போயி எதையாச்சும் கெடுத்திரும்னு மெழுகு வச்சு நாந்தான் அடைச்சேன். மேல பெயிண்டும் அடிச்சேன். ரெண்டு வருசம் இருக்கும். அதனாலதானா?"

"பசை பழசும்மா. ஓட்டை திறந்திருந்தாலும் வந்திருக்கும்."

"நெசமாவா?"

"கொஞ்சம் தாமதமா வந்திருக்கும்."

எவ்வளவு தாமதமாக என்று அவர் கேட்கவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார். பசை பழையது என்பது உண்மை. அந்தத் துளைகள் திறந்திருந்தால் இன்னும் பல வருடம் தாங்கியிருக்கும் என்பதும் உண்மை.

"என்ன கேட்கிறாள்?" என்றார் கனகசபை மலாயில்.

"சோறு போதுமா என்கிறார்."

கனகசபை சோற்றுக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சனிக்கிழமை

நான் எழுந்தபோது மோட்டார் சைக்கிள் இல்லை. செல்லம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "அங்கதான் போயிருப்பாரு. நீங்க போங்கண்ணே, சீக்கிரம் போங்க," என்றார். அந்த இறக்கையோடே ஏறிப் பறந்துவிடுவாரோ என்று அவர் பயந்ததையேதான் நானும் பயந்தேன். டாக்ஸி பிடித்துப் பத்து பெரண்டாமுக்கு ஓடினேன்.

விமானம் கொட்டகையிலேயே நின்றது. கனகசபை இறக்கைக்கு அடியில் மண்டியிட்டிருந்தார். கையில் ஒரு ஆணி. தரையில் மெழுகுத் துணுக்குகள் சிதறிக்கிடந்தன. ஒவ்வொரு துளையாகத் தோண்டிக்கொண்டே வந்து கடைசித் துளையில் இருந்தார். அதைத் திறந்ததும் பழுப்பு நீர் கொஞ்சம் சொட்டியது.

"நேற்றே பார்த்தாயா?"

"பார்த்தேன், பாங்."

"நேற்று அவள் உன்னிடம் சோற்றைப் பற்றிப் பேசவில்லை. எனக்குத் தமிழ் வராது. ஓட்டை என்றால் என்ன என்று தெரியும்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். திடலில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவரிடம் பேசிவிடுங்கள்," என்றேன். "அவர் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்."

"அது எனக்குத் தெரியாதா? என்ன பேசுவது, சொல். பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க வாயில் அதை வைத்துப் பார்த்தேன். வரவில்லை. வேறு எதைச் சொன்னாலும் அவள் தாங்க மாட்டாள்." ஆணியைத் தூக்கிப் போட்டார். "எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிடாதே."

விமானத்தின் கதவில் 'பறக்கக் கூடாது' என்ற சீட்டை நான் கட்ட வேண்டியிருந்தது. கட்டும்போது கயிற்றின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

நண்பகல் பஸ்ஸுக்கு இருவரும் வழியனுப்ப வந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. கனகசபை டிக்கெட் வாங்கப் போன சமயம் செல்லம்மா நெருங்கி வந்தார்.

"அவருக்குத் தெரிஞ்சிருச்சாண்ணே?"

"இல்லை," என்றேன்.

"நானே சொல்லிரலாம்னு பாக்குறேன். இன்னைக்கு வேணாம். அவரு மொகத்தப் பாத்தா வாயி வரமாட்டேங்குது."

கனகசபை திரும்பி வந்து டிக்கெட்டை என் சட்டைப்பையில் வைத்தார். குடை ஒன்றுதான் இருந்தது. பஸ் கிளம்பியபோது அதை மனைவி பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார். அவருடைய ஒரு தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்தது. இருவரும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூவார் தெப்பத்தில் ஒரு கூட்டம் பாடிக்கொண்டு ஏறியது. கையில் புதுக் கொடிகள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

பின்னால் கேள்விப்பட்டது இவ்வளவுதான்: கப்பல் ஆபீஸில் கனகசபையைப் பழைய வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை, கிடங்கில் மூட்டை சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். இன்ஜினைத் தெங்கேராவில் படகு கட்டும் ஒருவர் வாங்கிப் போனார். விமானத்தின் வெறும் கூடு கொட்டகையிலேயே கிடந்தது. செல்லம்மா சொன்னாரா, கனகசபை சொன்னாரா என்று தெரியவில்லை. அதற்குப்பின் நான் மலாக்கா போகவில்லை.

பஸ்ஸில் திரும்பிய அந்தச் சனிக்கிழமை இரவு சிங்கப்பூரில் என் வீட்டுக் கதவைத் தட்டியபோது உள்ளே பெரிய சத்தம். என் மனைவியின் தம்பி அவளுடைய தையல் இயந்திரத்தின் ஊசியை உடைத்துவிட்டானாம். அவள் அவனைத் திட்டினாள், அவனுக்குப் பரிந்த என்னைத் திட்டினாள், என் அம்மாவையும் விடவில்லை. காலையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடித்தோம். காஜா பெராங் வீட்டில் நான் இருந்தவரை யாரும் குரலை உயர்த்தவில்லை. மீன்குழம்பு நன்றாக இருந்தது. தலையணைக்குப் புது உறை போட்டிருந்தார்கள். அங்கே யாராவது ஒரு தட்டையாவது தூக்கி எறிந்திருக்கலாம்.