சௌந்திரத்துக்கு வயது குறித்தவர்கள்

சேந்தமங்கலத்தில் பெருமாயி ஜவுளிக்கடை என்றால் சின்னக் குழந்தையும் வழி காட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், சேலை மூட்டையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்று, இன்றைக்கு இரண்டு மாடிக் கடைக்குச் சொந்தக்காரி. ஒரு பெண் கடைக்குள் காலெடுத்து வைக்கும்போதே அவள் எந்தத் துணிக்கு முன்னால் போய் நிற்பாள் என்று சொல்லிவிடுவேன். அதனால் சௌந்திரத்தைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை. எழுதாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது.

சௌந்திரம் ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருக்கிறாள். தாய் இறந்தபோது கைக்குழந்தையாக இருந்த தம்பி மோகன்குமாரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவனைப் பிரிய மனமில்லாமல் பக்கத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள்.

நாற்பத்தைந்து வயதில் ஒருநாள் என் கடைக்கு வந்து, மாம்பழ நிறச் சுடிதார் ஒன்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பண்ணையில் சேலையைத் தூக்கிச் செருகி நடந்து அலுத்துவிட்டது, போட்டுப் பார்க்க ஆசையாகவும் இருக்கிறது என்றாள். அவள் உடம்புக்கு அளவு இல்லை. சுடிதார் தைத்து அனுப்புகிறவர்களின் நினைப்பில் இருபது வயதுப் பெண்கள்தான் பெண்கள். மற்றவர்களுக்கு நைட்டி போதும். நான் விடுவேனா? இரண்டு பக்கமும் துணி ஒட்டுக் கொடுத்துத் தைக்க வைத்தேன்.

போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். இந்த வயதில் இதென்ன கோலம், வெளியே தலை காட்ட முடியாது என்று தம்பி குதித்தானாம். சுடிதார் சித்தப்பா மகள் தமிழினிக்குப் போய்விட்டது.

அதே மோகன்குமார், போர்வெல் வண்டியோடு வடநாடு சுற்றித் திரிந்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது ஒருவழியாகப் பெண் பார்த்தான். பெண் வீட்டில் முப்பத்திநாலு என்று சொல்லிவைத்தான். ஜாதகத்தை ஜோசியர் மட்டும்தான் பார்ப்பார் என்பது அவன் நினைப்பு.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையும் அவன் உடன்பிறந்தவளும் மேடையில் உட்கார்வார்கள். கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையை அவள் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். நரைத்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்தால் தன் வயது தெரிந்துவிடுமே என்று இவனுக்குப் பயம். இளமையாக வா, இல்லாவிட்டால் தமிழினி உட்காரட்டும் என்று சொல்லிவிட்டான். சுடிதார் போட்டபோது கிழவியாம். இப்போது குமரியாக வர வேண்டுமாம்.

என்னிடம் வந்து அழுதாள். அழுகைக்கு நடுவிலும் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது.

"நானும் ஒருக்கா நல்லாத்தான் இருக்கறனான்னு பாத்துக்கறனுங்க்கா."

அதில் ஒரு தப்பும் இல்லை. நானும் தலைக்குச் சாயம் அடிக்கிறவள்தான். என் சம்பாத்தியத்தில் அடிக்கிறேன், எவன் கேட்பான்?

சேலத்தில் அழகுநிலையம் வைத்திருக்கும் ஒருத்தி அவளுக்குச் சாயம் பூசினாள். நெற்றி தடித்துச் சிவந்தது. அதை மறைக்க அதன்மேல் இன்னொரு பூச்சு. உள்ளே மூச்சு முட்ட இறுக்கும் உள்ளாடை, மேலே கல்லும் ஜரிகையும் குத்திய ஜாக்கெட். கை பிடிக்கிறதே என்றதற்கு, அப்போதுதான் ஒல்லியாகத் தெரிவீர்கள் ஆன்ட்டி என்றாளாம் தைத்துக் கொடுத்தவள். நான் துணியைத் தொட்டதுமே சொன்னேன், இதைப் போட்டுக் கையைத் தூக்க முடியாது என்று. என் பேச்சு எடுபடவில்லை.

இணைச்சீருக்கு உட்கார்ந்தாள். சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் கூறையை நீட்டி, "நல்லா இடுக்கிக்க அம்மிணி" என்றார். சௌந்திரம் கையைத் தூக்கினாள். கக்கத்துத் தையல் படக்கென்று விட்டது. வீடியோக்காரன் கேமராவை அங்கேதான் திருப்பினான். பின்வரிசையில் சிரிப்பு.

மோகன்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு, தமிழினியைக் கூப்பிடச் சொன்னான். சௌந்திரம் எழுந்து அறைக்குள் போனாள். நானும் ஓடினேன். முகத்தைக் கழுவினாள். விடியற்காலையில் வரும்போது போட்டிருந்த காப்பிக்கலர் பருத்தி ஜாக்கெட்டை எடுத்தாள். பட்டுக்குச் சேராத நிறம். கடையிலிருந்து வேறு கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"இதே போதுமுங்க்கா. கை தூக்க வருது."

தடித்த நெற்றியோடு மேடைக்குத் திரும்பினாள். தமிழினி அதற்குள் உட்காரப் போயிருந்தாள். இவளைக் கண்டதும் விலகிக்கொண்டாள்.

"வயசு தெரிஞ்சிருமுங்க்கா" என்று முணுமுணுத்தான் தம்பி.

"உனக்கு அக்கா வேணுமா, அக்கா மாதிரி ஒருத்தி வேணுமா சாமி?"

அவன் வாயைத் திறப்பதற்குள் பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். "ஜாதகத்துல பொறந்த வருசம் போட்டிருக்குதுங்க மாப்ள. எங்களுக்குக் கணக்குத் தெரியாதுங்களா?"

சௌந்திரம் உட்கார்ந்தாள். கூறையை அழுத்தி இடுக்கிக்கொண்டாள். சீர் முடிந்தது.

எனக்குத்தான் ஆறவில்லை. முன்பே தெரிந்த வயதை மறைக்கவா அவள் நெற்றியைப் புண்ணாக்கினார்கள்? அவன் மீசைச் சாயம் வியர்வையில் வழிந்ததைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லையே.

அடுத்த வாரம் கடைக்கு வந்தாள். அதே மாம்பழ நிறம் கேட்டாள். அளவு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. மறுபடி ஒட்டுக் கொடுத்துத் தைக்க வைத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் புதுமணத் தம்பதிக்கு விருந்து வைத்தாள். வகிட்டில் நரை எட்டிப் பார்த்தது. மோகன்குமார் இலையைப் பார்த்துச் சாப்பிட்டான். பேசியிருந்தால் பதில் சொல்ல நானும் அதே பந்தியில் உட்கார்ந்திருந்தேன்.